நான் வாசிக்காமல் விட்ட பத்தி

ராத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழ், பம்பாய் இந்தி, மராத்தி, அவருடைய உம்மாவின் தீவு மொழி என்று நான்கு மொழிகளில் சண்டை போடுவார். நான்கிலும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதனால் கையில் வந்து சேரும் காகிதத்தையெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். வாசிப்பதென்றால் முழுசாக வாசிக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர், மண்டபம், நேரம் எல்லாம் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்குமே, அதுவரைக்கும் போக வேண்டும். ஒருமுறை இருமல் மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருந்த தாளை விரித்து என்னிடம் நீட்டினார்.

"இது டாக்டருங்களுக்காகப் போட்டிருக்கறது ராத்தா. நமக்கு இல்ல" என்றேன்.

"குடிக்கப் போறது நான்தானளா? வாசி."

பாதியில் மூச்சு வாங்க நிறுத்தினால் விரலால் தாளைத் தட்டுவார். இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

ராத்தா என்றால் அக்கா. தாராவியில் அவர் குடியிருந்த சந்தில் அவரைவிட மூத்தவர்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. நான் செய்த காரியத்துக்குப் பிறகு இன்னொரு தாளில் அவர் பெயரை ஏற்றும் உரிமை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன். அவருடைய உம்மா வந்த தீவின் பெயரையும் சொல்லவில்லை. மேற்குக் கடலில் உள்ள சின்னத் தீவு அது. பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இந்த முழுசாக வாசிக்கும் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று அவருடைய கணவர்தான் எனக்குச் சொன்னார். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். கீழே ஒரு அறையில் நாலு மெஷின் போட்டு ஸ்கூல் பேக் தைத்தார்கள். மேலே இருந்த அறையில் குடும்பம் படுத்துக்கொண்டது. அந்தச் சந்து முழுவதையும் இடித்துக் கட்டடம் கட்டப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு யாரோ ஒருவன் ஒரு ஃபார்ம் கொண்டுவந்தான். பாதியை வாசித்துக் காட்டிவிட்டு, "மீதியெல்லாம் சும்மா சட்ட வார்த்தை, சாச்சா" என்றான். இவர் கையெழுத்துப் போட்டார். மீதியில்தான் மேல் அறை அவர்களுடையது இல்லை என்று இருந்தது. அந்த அறைக்காக அலைந்த அலைச்சல் நான் அவர்களைச் சந்தித்தபோதும் முடிந்திருக்கவில்லை.

"என்னைய அவ ஒரு வார்த்தை ஏசல" என்றார் அவர். "ஆனா அன்னிலேருந்து பாதி வாசிச்ச காகிதம் எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டா."

இதை நான் கேட்டது என் ஆய்வு வேலைக்காக ஒப்புதல் படிவங்கள் வாங்கப் போவதற்கு முந்தைய வாரம். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது.

நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா இன்சூரன்ஸ் ஆபீஸ். படித்து முடித்து ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில் திட்ட உதவியாளராக இருந்தேன். அங்கே எங்கள் மேடம் அந்தத் தீவைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். தீவில் முதலில் வந்து குடியேறிய பெண்கள் யார், எந்தக் கரையிலிருந்து வந்தார்கள் என்பது அவருடைய கேள்வி. நம் உடம்பின் மரபணுவில் ஒரு சின்னப் பகுதி தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தகப்பன் பங்கு அதில் கிடையாது. மகனுக்கும் அது வரும், ஆனால் மகன் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. மகள் கொடுப்பாள். அப்படித் தாய், அவள் தாய், அவளுடைய தாய் என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். அந்தத் தீவில் வீட்டுப் பெயரும் தாய்வழியில்தான் வரும் என்பதால் மேடத்துக்கு அதில் கூடுதல் ஆர்வம். தீவுக்குப் போய்க் கன்னத்து எச்சில் மாதிரி எடுத்தவர்கள் வேறு ஆட்கள். கப்பல் வேலைக்கு வந்து பம்பாயில் தங்கிவிட்ட குடும்பங்களைத் தேடிப் பிடிப்பது என் வேலை. குர்லாவில் விசாரித்தேன், விக்ரோலியில் விசாரித்தேன். எல்லோரும் ஒரே விலாசத்தைச் சொன்னார்கள். தாராவியில் பேக் தைக்கிற ராத்தா. அவருக்குத்தான் எல்லா வீடும் தெரியும்.

ராத்தாவின் வாப்பா கப்பலில் சமையல்காரராக இருந்தவர். உம்மா தீவிலிருந்து வந்தவர். தாராவியில் தமிழ் முஸ்லிம்கள் நடுவே குடியிருந்ததால் பிள்ளைகள் தமிழ் பேசி வளர்ந்தார்கள். இரண்டே பிள்ளைகள், ராத்தாவும் மைமூனும். மைமூன் நாலு வயது இளையவள், சுனாபட்டியில் குடியிருந்தாள். உம்மா இறந்து பல வருஷம் ஆகியிருந்தது.

முதல் நாள் நான் நீட்டிய ஆய்வுக்கூடக் கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்து முழுக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களிடம் திரும்பினார்.

"உம்மாக்கு உம்மா, அவளுக்கு உம்மான்னு தேடிக்கிட்டே போறாங்களாம். வாப்பா வழி கணக்குல கிடையாதாம். முதமுதல்ல பாய்மரத்துல வந்து இறங்கினா பாரு ஒருத்தி, அவ யாருன்னு கண்டுபிடிக்கப் போறாங்களாம்." பிறகு கணவரைப் பார்த்து, "இதுல உங்களுக்கு வேலையில்ல மச்சான், நீங்க ஜிப்பைத் தைங்க" என்றார். அவர் சிரித்தார். நான் ஆறு மாதமாகச் சொல்லப் பார்த்து முடியாததை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

அடுத்த இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாள் நானும் அவரும் ரயிலில் அலைந்தோம். பெண்கள் பெட்டியில் அவருக்கு இடம் பிடிக்கத் தெரிந்தது போல வேறு யாருக்கும் தெரிந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்ததும் பெட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைக் காட்டுவார். ஒரு நாள் அது ஆண்களின் ரகசிய வியாதிக்கு மருந்து கொடுக்கும் ஒரு பாபாவின் நோட்டீஸ். சுற்றிலும் பெண்கள். நான் முதல் வரியை முணுமுணுத்துவிட்டு, "அவ்வளவுதான் ராத்தா, போன் நம்பர்தான் மீதி" என்றேன்.

"பத்து வரி கெடக்கு. போன் நம்பர் பத்து வரியா?"

எதிரே இருந்த மீன்காரப் பெண்மணி சிரித்துவிட்டு நோட்டீஸை மராத்தியில் உரக்க வாசித்துக் காட்டினார், ஒரு வார்த்தை விடாமல். பெட்டி முழுக்கச் சிரிப்பு. ராத்தா மட்டும் சிரிக்காமல் கடைசிவரை கேட்டுவிட்டு, "பாவம், எத்தனை பேரு இதை நம்பிப் போறானோ" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். என் வீட்டில் எல்லோரும் பாதிப் பேச்சில் எழுந்து போகிறவர்கள். நான் சொல்வதைக் கடைசி வார்த்தைவரை உட்கார்ந்து கேட்ட ஒரே ஆள் ராத்தாதான்.

ஒப்புதல் படிவம் நாலு தாள், ஆங்கிலத்தில். தமிழிலும் இந்தியிலும் அச்சடிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள், நடக்கவில்லை. நானே வாசித்து மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். முதலில் குர்லாவில் ஒரு வீடு. மாதிரிகள் பல வருஷம் குளிர்பெட்டியில் வைக்கப்படும் என்ற வரி வந்ததும் அந்த வீட்டு அம்மாள் பயந்துபோய், "நமக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று மறுத்துவிட்டார். வெளியே வந்து தெருவில் நின்று படிவத்தைப் பார்த்தேன். அவர் கேட்காமல் போன நாலாவது தாளில் இன்னும் பெரிய பத்தி ஒன்று இருந்தது. 'ஒரே தாய்க்குப் பிறந்தவர்கள் என்று கருதப்படுகிறவர்கள் அப்படி இல்லை என்று இந்தச் சோதனையில் தெரியவரலாம். அதனால் மனவருத்தமும் குடும்பச் சிக்கலும் ஏற்படலாம். விரும்பாதவர்கள் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். ஆய்வு முடிந்ததும் மாதிரிகள் அழிக்கப்படும்.'

இதை வாசித்தால் ஒருத்தர்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. மாத முடிவுக்குள் மாதிரிகள் வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். சாராம்சம் சொன்னால் போதும் என்றும் சொல்லியிருந்தார். அடுத்த வீட்டில் மூன்று தாளோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த வீட்டை விட்டு இறங்கும்போது ராத்தா என் கையிலிருந்து படிவத்தை வாங்கி விரலால் தாள்களைப் பிரித்துப் பார்த்தார்.

"நாலு தாள் இருக்கே. நீ மூணுதானே திருப்பின?"

"இங்கிலீஷ்ல வளவளன்னு எழுதுவாங்க ராத்தா. தமிழ்ல சொன்னா சுருங்கிடும்."

"பூரா சொல்லிட்டியா?"

"பூரா சொல்லிட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சந்தேகத்தோடு பார்க்கவில்லை. படித்த பெண் சொன்னால் சரியாக இருக்கும் என்று படிவத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். அதன்பிறகு எல்லா வீட்டிலும் அவரே முன்னால் நின்று, "பயப்படாதீங்க, பூரா வாசிச்சுக் காட்டுவா, நான் கேட்டுட்டேன்" என்று சொல்வார். அவர் சொன்னதால்தான் கொடுத்தார்கள். பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் குழாயில் போட்டு எண் ஒட்டுவேன். அதே எண்ணை ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுப்பேன். எல்லா வீடும் முடிந்த பிறகு கடைசியாகத் தன் சந்தில், மைமூனையும் வரவழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ராத்தா வாயைத் திறந்தார். அவருடைய எண் முப்பத்தொன்று. மைமூனுடையது முப்பத்திரண்டு.

அக்கா தங்கை இருவருடையதும் ஒன்றாகத்தான் இருக்கும், ஒன்றைப் பார்த்தால் போதும் என்பது வழக்கம். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்கத்தான் மேடம் இரண்டையும் கருவியில் ஓட்டச் சொன்னார். மைமூனுடையது தீவிலிருந்து வந்த மாதிரிகளோடு அழகாகப் பொருந்தியது. ராத்தாவுடையது மைமூனோடும் சேரவில்லை, தீவில் வேறு யாரோடும் சேரவில்லை. மறுபடி ஓட்டினோம். மறுபடியும் அதே விடை. அவர்கள் இருவரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. ராத்தாவைப் பெற்றவள் தீவுக்காரி இல்லை.

மேடம் அதிகம் யோசிக்கவில்லை. தீவின் தாய்மார்களைத் தேடும் ஆய்வில் அந்த மாதிரிக்கு இடமில்லை, எடுத்துவிடு என்றார். நான் கணினியில் அந்த வரியைத் தேர்ந்து நீக்கினேன். எல்லா வீட்டுக் கதவையும் எனக்காகத் தட்டியவர் பட்டியலில் இல்லாமல் போனார். நீக்குவதற்கு முன் அந்த வரியை மட்டும் என் மடிக்கணினியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை.

தனித்தனி ஆட்களுக்கு முடிவைச் சொல்லக் கூடாது, பொதுவாகத்தான் சொல்ல வேண்டும் என்பது விதி. சுனாபட்டியில் ஒரு சின்ன ஹாலில் கூட்டம். ராத்தாதான் ஏற்பாடு. எல்லாக் குடும்பமும் வந்திருந்தது, பிரியாணி வாசனை அடித்தது. மேடம் சுவரில் ஒரு பெரிய தாளை மாட்டினார். வட்டங்களும் கோடுகளுமாக ஒரு படம். ஒவ்வொரு வட்டமும் ஒரு தாய்வழி, வட்டத்துக்குள் எண்கள். மேடம் இந்தியில் பேசினார். உங்கள் முன்னோர்த் தாய்மார்கள் ஒரே கரையிலிருந்து வரவில்லை, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்றார். பெண்கள் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணைத் தேட ஆரம்பித்தார்கள். இதை நாங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. மாமியாரும் மருமகளும் வெவ்வேறு வட்டத்தில் இருந்ததைப் பார்த்து ஒரே சிரிப்பு.

ராத்தா எழுந்து படத்துக்குப் பக்கத்தில் போனார்.

"நான் எங்க இருக்கேன்? வாசி."

"அப்புறம் சொல்றேன் ராத்தா, சாப்பாடு ஆறிடும்."

"எல்லா நம்பரையும் வாசிளா. எல்லாருந்தான் கேக்கட்டுமே."

ஹாலே திரும்பிப் பார்த்தது. நான் முதல் வட்டத்தில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு எண்ணாக வாசித்தேன். அவரவர் எண் வரும்போது பெண்கள் கையைத் தூக்கினார்கள். ராத்தா தன் அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி வட்டத்தின் கடைசி எண் வரை வாசித்தேன். அவர் விரலால் தாளைத் தட்டினார்.

"முப்பத்தொண்ணு வரலியே."

மேடம் என்னைப் பார்த்தார். நான், "உங்க சாம்பிள் கெட்டுப்போச்சு ராத்தா. சூடு தாங்கல" என்றேன்.

"அவ்வளவுதானா? அப்ப இன்னொண்ணு எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால், அங்கேயே வாயைத் திறந்து காட்டினார்.

குச்சி கொண்டுவரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடியே நின்றவர் மூடிக்கொண்டார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். "முப்பத்திரெண்டு எது? மைமூன் எங்க இருக்காளோ அங்கதானே நானும். ஒரே உம்மாதானே." நான் அந்த வட்டத்தைக் காட்டினேன். அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கதவை அம்மா திறந்தாள். ராத்தா மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் உறையில் அவருடைய படிவ நகல். உள்ளே வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"எங்க சந்துல பால்வாடி டீச்சர் புதுசா வந்திருக்கா. சாம்பிள் கெட்டா என்ன செய்யணும்னு இதுல இருக்கும்லா, வாசிச்சுச் சொல்லுன்னு கேட்டேன்." உறையை மடியில் வைத்துக்கொண்டார். "பூரா வாசிச்சா. நாலு தாளும்."

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். 

"இந்தக் கடைசித் தாளை எனக்கு ஏன் வாசிக்கல?"

"வாசிச்சா யாரும் தர மாட்டாங்கன்னு நெனச்சேன் ராத்தா."

"நான் தந்திருப்பேன்" என்றார். "பயமாத்தான் இருந்திருக்கும். ஆனா தந்திருப்பேன்." பிறகு, "சாம்பிள் கெடல, என்ன?" என்றார்.

"கெடல."

"மைமூனுக்கும் எனக்கும் வேற வேற உம்மாவா?"

தனி ஆளுக்குச் சொல்லக் கூடாது என்ற விதி அப்போது என் ஞாபகத்துக்கு வந்தது. அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கலாம். தலையை ஆட்டினேன். சோதனையில் தவறு நேர்ந்திருக்கலாம் அல்லவா என்று கேட்டார். இரண்டு தடவை பார்த்தோம் என்றேன்.

அவர் அழவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மைமூனுக்கு முன்னாடி எனக்குத்தான் சோறு போடுவா எங்க உம்மா. மீன்ல நடுத்துண்டு எனக்கு. அவ சண்டை போடுவா" என்றார். அப்புறம், "அந்த ரிசல்ட்டு எங்க இருக்கு? வாசி" என்றார்.

மடிக்கணினியைத் திறந்தேன். அந்த வரியில் சொற்கள் கிடையாது. ஓர் எண், ஓர் எழுத்து, ஓர் எண், ஓர் எழுத்து என்று போகும். மற்றவர்களிடமிருந்து எந்தெந்த இடத்தில் வேறுபடுகிறது என்ற குறிப்பு. அதை அவருக்கு வாசித்தேன். கல்யாணப் பத்திரிகையைக் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுதான் என்னைப் பெத்தவளா?"

"அவங்ககிட்டேருந்து உங்களுக்கு வந்தது."

"பேரு இருக்கா இதுல?"

"இல்ல ராத்தா."

"ஊரு?"

"இந்தப் பக்கக் கரையில நிறையப் பேருக்கு இப்படி இருக்கும். எந்த ஊருன்னு சொல்ல முடியாது."

அவர் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இரண்டு விஷயம் கேட்டார். எல்லா வீட்டுக்கும் போய் அந்தப் பத்தியை வாசித்துக் காட்ட வேண்டும், வேண்டாம் என்கிறவர்களுடையதை எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்று. "ஆய்வு முடிஞ்சா அழிச்சிருவாங்கன்னு எழுதியிருக்காமே. என்னோட குழாயை மட்டும் அழிக்காம வைப்பியா? அவ இருந்ததுக்கு வேற ஒண்ணும் இல்லல்லா எங்கிட்ட." இது இன்னொன்று.

"நான் பார்த்துக்கறேன் ராத்தா" என்றேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

நான் ஒரு வீட்டுக்கும் போகவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று ஒரு மாதம் ஓடியது. ஒரு நாள் காலை ஆய்வுக்கூடத்துக்கு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே விலகல் கடிதங்கள். இந்தியில் டீச்சரின் உருண்டை எழுத்து, அடியில் கையெழுத்து அல்லது கைநாட்டு, பக்கத்தில் எண். ராத்தா அந்த டீச்சரைக் கூட்டிக்கொண்டு குர்லா, விக்ரோலி, சுனாபட்டி என்று அதே ரயிலில் அதே வீடுகளுக்குப் போயிருக்கிறார். பாதிக்கும் மேலானவர்கள் விலகிவிட்டார்கள். சில வீடுகளில் ராத்தாவை உள்ளேயே விடவில்லை என்றும், "நீ சொல்லித்தானே கொடுத்தோம்" என்று வாசலில் நிற்க வைத்துப் பேசினார்கள் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். மேடம் கோபத்தில் யார் இதைத் தூண்டிவிட்டது என்று கேட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

கடிதங்களில் மைமூனுடையது இருந்தது. ராத்தாவுடையது இல்லை. பட்டியலில் இடமில்லாத அந்த ஒரு மாதிரி மட்டும் விலகாமல் இருந்தது.

அடுத்த வருஷம் ஆய்வு நின்றது. குளிர்பெட்டியைக் காலி செய்தார்கள். நீக்கப்பட்ட மாதிரிகள் முதலில். நான் அந்த அறையில்தான் இருந்தேன். இந்த ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று மேடத்திடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்பார், ராத்தா என் வீட்டுக்கு வந்தது தெரிந்துவிடும், நான் விதியை மீறி முடிவைச் சொன்னதும் தெரிந்துவிடும். வேறு வேலைக்கு அவருடைய பரிந்துரைக் கடிதம் எனக்கு வேண்டியிருந்தது. குழாய்களை கழிவுக்கான ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கட்டினார்கள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த வருஷ நோன்புப் பெருநாளுக்கு ராத்தா போன் செய்தார். வீட்டில் எல்லோரையும் விசாரித்துவிட்டு, "பத்திரமா இருக்கா?" என்றார். "இருக்கு ராத்தா" என்றேன். அடுத்த வருஷமும் கேட்டார். அதற்கடுத்த வருஷமும். "குளிர்ல இருக்குல்லா? கரண்டு போனா?" என்று ஒருமுறை. ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னேன். பொய்க்கு விவரம் சேர்க்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

நாலாவது பெருநாளுக்கு முந்தைய வாரம், ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று கேட்டார். கையில்கூட வாங்க வேண்டாம், கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும் என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சயான் ஸ்டேஷனில் சந்திக்கச் சொன்னேன். பிளாட்பாரத்தில் பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு அருகே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன்.

"எப்ப தூக்கிப் போட்டாங்க?"

"நீங்க முதல் தடவை போன் பண்றதுக்கு முன்னாடியே."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டால் நல்லது என்றுகூட நினைத்தேன். அவர் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "நானே கேட்டுக் கேட்டு உன்னைப் பொய் சொல்ல வச்சிருக்கேன் பாரு" என்றார். ரயில் வந்தது. ஏறிக்கொண்டார். உட்கார இடம் இருந்தும் உட்காராமல், அடுத்த வாசல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அந்தப் பெருநாளுக்கு அவரிடமிருந்து போன் வரவில்லை. நான் செய்தேன். மைமூன் எடுத்தாள்.

"ராத்தா அடுப்படில நிக்கா. கூப்பிட மாட்டேன்" என்றாள்.

அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. ராத்தாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எனக்கும் அந்தப் பத்தியை அவதான் வாசிக்க வச்சா" என்றாள் மைமூன், குரலைத் தணித்து. "டீச்சர் வாசிச்சு முடிச்சா. ராத்தா நம்பர் மட்டும் படத்துல ஏன் இல்லன்னு எனக்கு அப்பவே விளங்கிட்டு. அவ எம் மூஞ்சியப் பாக்கல. நானும் ஒண்ணும் கேக்கல. கைநாட்டு வச்சுக் கொடுத்திட்டேன்."

"நீங்க ஏன் விலகினீங்க? உங்களோடது தீவோட சேர்ந்துதானே இருந்தது?"

"அவ நம்பர் இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து பாத்திரச் சத்தத்துக்கு நடுவே ராத்தாவின் குரல் கேட்டது. "யாருளா போன்ல?"

"ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு மைமூன் வைத்துவிட்டாள்.